மட்டன் தெருவில் நங்கூரம்!

மும்பைக்குப் போகிற நம்மவர்கள் கேட்வே ஆஃப் இந்தியா முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். சித்தி விநாயகரைக் கும்பிடுவார்கள். மெரீன் டிரைவில் உட்கார்ந்து வேர்க்கடலை கொறிப்பார்கள். மாதுங்காவுக்குப் போய் இட்லி சாப்பிட்டுவிட்டு, "என்ன இருந்தாலும் நம்ம ஊர் மாதிரி வராது சார்!" என்று ஒரு சர்டிபிகேட் கொடுத்துவிட்டு ரயில் ஏறுவார்கள்.

நான் போவது சோர் பஜாருக்கு.

சி.எஸ்.எம்.டி.யில் லோக்கல் ஏறினால் இரண்டாவது ஸ்டேஷன். இறங்கிக் கால் மணி நேரம் நடந்தால் மட்டன் தெரு. பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அங்கே விற்பது பழைய கிராமபோன், கப்பல் விளக்கு, சினிமா போஸ்டர், ஓடாத கடிகாரம், சுற்றாத ஃபேன் இத்யாதி. முதலில் இதற்கு 'ஷோர்' பஜார், அதாவது சத்தச் சந்தை என்றுதான் பெயர், வெள்ளைக்காரன் வாயில் புகுந்து 'சோர்' பஜார், திருட்டுச் சந்தை ஆகிவிட்டது என்கிறார்கள். விக்டோரியா ராணியின் வயலின் கப்பலிலிருந்து இறக்கும்போது காணாமல் போய் இங்கே விற்பனைக்கு வந்தது என்றும் ஒரு கதை உண்டு. அந்த அம்மாள் ஆயுசு முழுக்க இந்தியா பக்கமே வந்ததில்லை என்பது வேறு விஷயம். வயலின் மட்டும் தனியாக டூர் வந்திருக்கும் போலிருக்கிறது!

ஒரு எச்சரிக்கை. வெள்ளிக்கிழமை கடைகள் இருக்காது. அன்றைக்கு விடியற்காலையில் தெருவிலேயே சாக்கு விரித்து வியாபாரம் நடக்கும். மற்ற நாட்களில் பதினொரு மணிக்கு மேல் போவது நல்லது.

ஊரில் தபால்தலை சேர்ப்பவர்கள் உண்டு. தீப்பெட்டி லேபிள் சேர்ப்பவர்கள் உண்டு. நான் சேர்ப்பது பழைய கடற்படை பேட்ஜ். மாலுமிகள் சட்டைக் கையில் தைத்திருப்பார்களே, நங்கூரம், சிறகு, கொடி என்று... அதுதான். இந்த விவகாரத்தில் எனக்குக் குரு ஒரு அண்ணாச்சி. தூத்துக்குடிக்காரர். இந்தியக் கடற்படையில் வயர்லெஸ் பிரிவில் இருந்து ரிட்டயராகி, இப்போது நவி மும்பையில் பேரனை ஸ்கூல் பஸ் ஏற்றிவிடும் டியூட்டியில் இருக்கிறார். "எம்பேரைப் பத்திரிகையில போட்டுராதீக தம்பி" என்பது அவருடைய நிபந்தனை.

அண்ணாச்சி சொல்லித் தந்த பால பாடம் இது. இடது கையில் பதவி, வலது கையில் தொழில். பிரிட்டிஷ் கடற்படையின் வழக்கம். 1934-ல் 'ராயல் இந்தியக் கடற்படை' என்று பெயர் சூட்டப்பட்ட நம்முடைய படையும் அதையே பின்பற்றியது.

இடது கையில் கயிறு சுற்றிய ஒற்றை நங்கூரம் இருந்தால் 'லீடிங்' ரேங்க். (நிஜத்தில் நங்கூரத்தில் கயிறு சிக்கினால் மாலுமிக்குத் தலைவேதனை. அதைப் போய் பெருமையாகக் கையில் குத்தியிருக்கிறார்கள்!) குறுக்கும் நெடுக்குமாக இரண்டு நங்கூரம், மேலே கிரீடம் என்றால் பெட்டி ஆபீசர். இவர் பெட்டி தூக்குகிறவர் இல்லை, போலீசில் ஏட்டு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். கீழே 'வி' வடிவப் பட்டைகள் இருந்தால் நன்னடத்தை. மூன்று வருஷத்துக்கு ஒன்று, எட்டுக்கு இரண்டு, பதிமூன்றுக்கு மூன்று. "அத்தனை வருசம் மாட்டிக்கிடாம தப்பு பண்ணுனதுக்குக் குடுக்கிற பட்டை" என்பது மாலுமிகளே சொல்லும் ஜோக்.

வலது கைக்கு வாருங்கள். சிறகுகளுக்கு நடுவே மின்னல் வெட்டினால் டெலிகிராஃபிஸ்ட், அதாவது வயர்லெஸ் ஆள். குறுக்கே இரண்டு கொடிகள் என்றால் சிக்னல்மேன். கப்பல் விசிறி என்றால் இன்ஜின் அறையில் வேகும் ஸ்டோக்கர். தலைக்கவசம் என்றால் முக்குளிப்பவர். மேலும் கீழும் நட்சத்திரமும் கிரீடமும் சேரச் சேர தேர்ச்சி அதிகம். கறுநீலக் கம்பளிச் சட்டையில் சிவப்பு நூல், வெள்ளைச் சட்டையில் நீல நூல், விசேஷ உடுப்பில் தங்கச் சரிகை.

ஆக, இரண்டு கையையும் பார்த்தால் போதும். அந்த ஆள் என்ன வேலை செய்தார், எத்தனை வருஷம் செய்தார் என்று சொல்லிவிடலாம். பெயர் மட்டும் தெரியாது.

போன முறை மட்டன் தெருவில் ஒரு கடை. கடைக்காரர் பிஸ்கட் டின் ஒன்றைக் கவிழ்த்தார். பேட்ஜ் மழை! சரிகை பளபளவென்று மின்னியது. "அஸ்லி, சாப்! ராயல் இண்டியன் நேவி!" என்றார். அண்ணாச்சி ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"கிரீடத்தைப் பாருங்க தம்பி."

கிரீடத்தின் வளைவுகள் நடுவில் குழிந்திருந்தன. எலிசபெத் ராணி காலத்துக் கிரீடம் அப்படித்தான் இருக்கும். ராஜா காலத்துக் கிரீடம் அரைவட்டமாக உருண்டிருக்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1950 ஜனவரி 26-ம் தேதி நாம் குடியரசானோம். கடற்படைப் பெயரில் இருந்த 'ராயல்' போயிற்று, பேட்ஜில் இருந்த கிரீடம் போயிற்று. அந்த இடத்தில் அசோகச் சிங்கம் வந்து உட்கார்ந்தது. எலிசபெத் பட்டத்துக்கு வந்ததோ 1952-ல். ராணி கிரீடத்தோடு ராயல் இந்தியக் கடற்படை பேட்ஜ் எப்படி இருக்க முடியும்? பாகிஸ்தான் மட்டும் 1956 வரை கிரீடத்தை விடவில்லை. ஆக, அது ஒன்று கராச்சிச் சரக்கு, அல்லது இங்கிலாந்துச் சரக்கு, இல்லாவிட்டால் போன மாதச் சரக்கு!

போன மாதச் சரக்கையும் மட்டமாகச் சொல்ல முடியாது. பனாரஸிலும் சியால்கோட்டிலும் இன்றைக்கும் பல நாட்டுப் படைகளுக்கு சரிகை பேட்ஜ் பின்னித் தருகிறார்கள். கை வேலை அபாரம். புதிது என்று சொல்லி விற்றால் கும்பிட்டு வாங்கலாம். பழசு என்று சொல்வதில்தான் வில்லங்கம்.

கண்டுபிடிக்க இன்னொரு வழி, ரூபாய் நோட்டைச் சோதிக்கும் அல்ட்ரா வயலட் டார்ச். யுத்தத்துக்கு முந்தைய வெள்ளை நூல் அதில் மங்கலாகவே கிடக்கும். பிற்பாடு வந்த ரசாயன வெளுப்பு நூல் நீலமாகப் பளீரிடும். ஆனால் பழைய பேட்ஜை யாராவது புண்ணியவதி இந்தக் காலத்து சோப்புத் தூளில் அலசியிருந்தால் அதுவும் பளீரிடும். எனவே டார்ச்சை மட்டும் நம்பக் கூடாது. பின்பக்கத் தையல், துணி, பூச்சி அரித்த ஓட்டை எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். பூச்சி கம்பளியை விரும்பித் தின்னும், பாலியெஸ்டரைச் சீந்தாது. அதற்கும் தரம் தெரிகிறது!

நாங்கள் டின்னைத் திருப்பிக் கொடுத்ததும் கடைக்காரர் முகம் சுருங்கியது. உள்ளேயிருந்து ஒரு மூட்டையைக் கொண்டு வரச் சொன்னார். கடைப் பையன் அதிலிருந்து உருவியது ஒரு கறுநீலக் கம்பளிச் சட்டை. மாலுமிச் சட்டை. பொத்தான் கிடையாது, முதுகில் சதுரக் காலர். இடது கையில் ஒற்றை நங்கூரம், அடியில் ஒரு பட்டை. வலது கையில் சிறகும் மின்னலும். சிவப்பு நூல் காய்ந்த மிளகாய் நிறத்துக்கு மங்கியிருந்தது.

"சட்டையை யார் வாங்குவா? பூச்சி அரிச்சது. பேட்ஜை மட்டும் எடுத்துத் தர்றேன், எழுநூறு ரூபாய்" என்றார் கடைக்காரர் இந்தியில். பையன் பிளேடை எடுத்துவிட்டான்.

"ருக்கோ பேட்டா!" என்று அண்ணாச்சி போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

சட்டையை வாங்கி உட்புறம் திருப்பினார். இடுப்போரம் வெள்ளை பெயின்டில் எழுத்துகள். மாலுமிகள் தங்கள் பெயரை மர அச்சில் செதுக்கி வைத்துக்கொண்டு துணிமணியில் முத்திரை குத்துவார்கள். அந்தச் சட்டையில் முக்கால்வாசி அழிந்து, ஓரிரு எழுத்தும் கடைசி இரண்டு நம்பரும்தான் மிச்சம்.

"கையை மட்டும் வெட்டி எடுத்துட்டா, அப்புறம் அது யாரு கைன்னு கேக்க முடியுமா தம்பி?" என்றார்.

எங்கள் அவசரத்தைக் கடைக்காரர் மோப்பம் பிடித்துவிட்டார். அதுவரை குப்பையாக இருந்த சட்டை அடுத்த நிமிஷம் 'ஆன்டிக்' ஆயிற்று. "சாப், இது நாற்பத்தாறு கலகத்துச் சட்டை. ஐயாயிரம்!"

அவர் சொன்ன கலகம் நிஜம். அது ஆரம்பித்த இடம் அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, கொலாபாவில். அங்கே 'தல்வார்' என்ற கடற்படை சிக்னல் பள்ளி. சாப்பாடு மோசம், சம்பளத்தில் பாரபட்சம், ஆங்கில அதிகாரிகளின் வசவு... 1946 பிப்ரவரி 18-ம் தேதி மாலுமிகள் சாப்பிட மறுத்து வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கப்பலுக்குக் கப்பல் செய்தி பறந்தது. 78 கப்பல்கள், 20 கரைத் தளங்கள், சுமார் 20,000 மாலுமிகள் என்று சொல்வது வழக்கம். காங்கிரஸ் கொடி, லீக் கொடி, செங்கொடி மூன்றும் சேர்ந்து பறந்தன. போராட்டக் குழுவின் தலைவர் எம்.எஸ்.கான், சிக்னல்மேன். துணைத் தலைவர் மதன் சிங், டெலிகிராஃபிஸ்ட். ஒருவர் வலது கையில் கொடிகள், இன்னொருவர் வலது கையில் சிறகும் மின்னலும்!

பம்பாய் கொந்தளித்தது. தெருக்களில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 200-க்கும் மேற்பட்ட பொதுமக்கள் செத்தார்கள். படேலின் ஆலோசனையை ஏற்று 23-ம் தேதி மாலுமிகள் சரணடைந்தார்கள். அப்புறம் கைது, விசாரணை. நூற்றுக்கணக்கானவர்களுக்கு வேலை போயிற்று. அடுத்த வருஷம் சுதந்திரம் வந்தது. இந்தியக் கடற்படையும் சரி, பாகிஸ்தான் கடற்படையும் சரி, அவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை.

அண்ணாச்சி கடைக்காரரைப் பார்த்து மெதுவாகத் தலையாட்டினார். பிறகு என்னிடம், "அவங்கள்ல ஒருத்தர் சட்டையா இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி எழுதி ஒட்டினா, இதை நெசமா உடுத்தின மனுசனை நாம ரெண்டாந்தடவை டிஸ்மிஸ் பண்ணுதோம்னு அர்த்தம்" என்றார்.

பேரம் 900 ரூபாயில் முடிந்தது. சட்டையோடு ஒரு சீட்டு எழுதி வைத்திருக்கிறேன். வாங்கிய இடம், தேதி, ரேங்க், தொழில், அழியாமல் மிச்சமிருக்கும் எழுத்துகள். அவ்வளவுதான். கலகம் என்ற வார்த்தை அதில் இல்லை.

மறுநாள் கொலாபா போனோம். கடற்படை எழுச்சிக்கு அங்கே ஒரு நினைவுச் சின்னம் உண்டு. டாக்சிகள் அதைத் தாண்டித் தாண்டிப் பறக்கின்றன. அண்ணாச்சி மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு நிமிஷம் நின்றார். நான் ஒன்றும் கேட்கவில்லை.

சின்னங்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. 2022 செப்டம்பரில் நம் கடற்படைக் கொடியிலிருந்து ஜார்ஜ் சிலுவை போய், சிவாஜியின் முத்திரையைத் தழுவிய எண்கோணம் வந்தது. 2023 டிசம்பரில் அட்மிரல்களின் தோள்பட்டைச் சின்னமும் சிவாஜி காலத்து மரபை ஒட்டி மாறுவதாக அறிவிப்பு வந்தது. நேற்றைய பேட்ஜ் இன்றைக்கே பழம்பொருள்! சேர்க்க நினைப்பவர்களுக்கு இரண்டே வார்த்தை. மாலுமி என்று பிறரை நம்பவைக்க இதை மாட்டிக்கொண்டு திரிந்தால் சட்டப்படி குற்றம், பெட்டியில் வையுங்கள். ரசகற்பூர உருண்டை போட மறக்காதீர்கள்.

மட்டன் தெரு வரை போக முடியாதவர்கள் வீட்டுப் பரணில் ஏறிப் பாருங்கள். தாத்தாவோ பெரியப்பாவோ கடற்படையில் இருந்த வீடுகள் நம்மூரில் ஏராளம். பழைய டிரங்குப் பெட்டியில் கறுநீலத்தில் ஒரு சட்டை கிடந்தால், அதை எவர்சில்வர் பாத்திரக்காரரிடம் போட்டு டிபன் கேரியர் வாங்குவதற்கு முன்னால் கொஞ்சம் பொறுங்கள். இடது கையைப் பாருங்கள், வலது கையைப் பாருங்கள். உட்புறம் திருப்பிப் பாருங்கள். பெயர் அழியாமல் இருக்கலாம்.