யார் வீட்டுத் தண்ணீர்?

சமையலறை சிங்க் அடைத்துக்கொண்டால் யாரும் முதலில் குழாயைப் பார்ப்பதில்லை. “யார் சோத்தைப் போட்டது?” என்றுதான் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு ஒரு பெண்தான் பதிலாக முடியும். மனைவி, மாமியார், மருமகள், யாரும் அகப்படாவிட்டால் பாத்திரம் தேய்க்க வருகிற அக்கா. வீட்டில் எல்லோரும் சாப்பிட்டிருப்பார்கள். எண்ணெய்ச் சட்டியும் மோர்க் கிண்ணமும் எல்லோருடைய வயிற்றுக்காகவும் கழுவப்பட்டவை. அடைப்பு மட்டும் ஒருத்தியுடையதாகிவிடும்.

சென்னையில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் கட்டடத்தில் தரைத்தளம் வண்டி நிறுத்துமிடம். அதற்கு மேல் நான்கு மாடிகள். எங்களுடையது முதல் மாடி. ஒரு மார்கழியில் மட்டும் மூன்று முறை எங்கள் சிங்க்கில் தண்ணீர் ஏறி நின்றது. பிளம்பர் ஒவ்வொரு முறை வரும்போதும் “சார் இல்லையா மேடம்?” என்று கேட்பார். அலுவலகத்தில் இருக்கும் என் கணவருக்கு போன் போட்டு விவரம் சொல்வார். கம்பியை விட்டு ஆட்டிவிட்டு, “வேலை செய்யற அம்மாவ சோறு போட வேணாம்னு சொல்லுங்க” என்று போய்விடுவார்.

மூன்றாவது முறைக்குப் பிறகு லிஃப்டில் அசோசியேஷன் நோட்டீஸ் ஒட்டியது. வீட்டு வேலை செய்வோர் உணவுக் கழிவைச் சிங்க்கில் கொட்டினால் 500 ரூபாய் அபராதம், அதை அவர்களே கட்ட வேண்டும். அக்காவுக்கு எங்கள் வீட்டில் கிடைக்கும் மாதச் சம்பளத்தில் அது நான்கில் ஒரு பங்கு. அந்தக் கட்டடத்தில் அவருக்கு மூன்று வீடுகள். மூன்று வீட்டிலும் சிங்க் உண்டு.

மறுநாள் காலை அக்கா என்னைக் கூப்பிட்டார். “இங்க வந்து பாரும்மா. நான் இன்னும் பைப்பையே திறக்கல.” சிங்க்கின் துளை வழியாகத் தண்ணீர் மெல்ல மேலே வந்துகொண்டிருந்தது. கூடவே மஞ்சளாக முருங்கைக்காய்ச் சக்கை. அந்த வாரம் நாங்கள் முருங்கைக்காயே வாங்கவில்லை. “இது நம்ம வீட்டுத் தண்ணி இல்லம்மா” என்றார். நான் போனில் வீடியோ எடுத்தேன்.

அடுக்குமாடியில் சமையலறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். நான்கு வீட்டு சிங்க்கும் ஒரே செங்குத்துக் குழாயில் சேர்கின்றன. முதல் மாடி இணைப்புக்குக் கீழே அந்தக் குழாய் அடைத்துக்கொண்டால், மேலிருந்து வரும் தண்ணீர் வெளியேற இடம் தேடும். அதற்குக் கிடைக்கும் முதல் வழி, கீழ் வீட்டு சிங்க். மேலே இருப்பவர்களுக்கு ஒன்றுமே தெரியாது. குற்றவாளி என்று நிற்பது கீழே இருப்பவள்.

அடைப்பதும் பெரும்பாலும் சோறு இல்லை. நெய்யும் தேங்காயெண்ணெயும் குளிரில் உறைகின்றன. மற்ற எண்ணெய்ப் பிசுக்கு, சோப்போடும் போர்த் தண்ணீரில் உள்ள கால்சியத்தோடும் சேர்ந்து மெழுகு மாதிரி குழாயின் உட்சுவரில் படிகிறது. வடிகஞ்சியும் தோசை மாவும் அதில் ஒட்டிக்கொள்கின்றன. வருடக்கணக்கில் நடக்கும் வேலை இது. ஒருத்தி ஒரு நாளில் செய்துவிட முடியாதது.

எங்கள் வீட்டுப் பக்கம் அடைப்பு இல்லை என்பதைக் காட்ட நானும் அக்காவும் சிங்க்குக்கு அடியில் உட்கார்ந்தோம். அங்கே குடுவை போல் தொங்குவதற்கு பாட்டில் டிராப் என்று பெயர். அதில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். அந்தத் தண்ணீர்தான் சாக்கடை நாற்றம் மேலே வராமல் தடுக்கிறது. கீழே பக்கெட்டை வைத்து, குடுவையைக் கையால் திருகினாலே கழன்றுவிடும். கழுவி, வாஷரைச் சரியாக உட்கார வைத்து, திரும்ப முறுக்கி, தண்ணீர் விட்டு ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும். பத்து நிமிட வேலை. கடையில் விற்கும் அடைப்பு நீக்கும் பொடியைக் கொட்டக் கூடாது. அதில் உள்ள காஸ்டிக் சோடா தண்ணீர் பட்டதும் கொதிக்கும். அடைப்பு போகாவிட்டால் அடுத்து குழாயைத் திறப்பவர் கையைப் பொசுக்கும். ஆசிடையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்து ஊற்றினால் குளோரின் வாயு வரும்.

இந்திய அரசின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் அதற்காக நாளொன்றுக்குச் செலவிடுவது 299 நிமிடம். ஈடுபடும் ஆண் 97 நிமிடம். கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். அதில் எவ்வளவோ நேரம் சிங்க்கின் முன்னால் கழிகிறது. ஆனாலும் நம் காலடியில் ஓடும் குழாய் எங்கே போகிறது என்று நமக்கு யாரும் சொன்னதில்லை. அது ‘சார்’ விஷயம். பழியை நம்மிடம் கொடுத்துவிட்டு, பழியைத் துடைக்கும் அறிவை வேறு இடத்தில் வைத்திருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வண்டி நிறுத்துமிடத்தில் கூட்டம். வந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். “சார் வரலையா?” என்று ஒருவர் கேட்டார். “இது எனக்கும் அக்காவுக்கும்தான் தெரியும்” என்று சொல்லி வீடியோவைக் காட்டினேன். பொதுக்குழாயின் கீழ் வளைவில் இருந்த மூடியைப் பிளம்பர் திறந்தார். சோப்புக்கட்டி போல வெள்ளையாக, கெட்டியாக ஒரு திரள் வந்தது. அதைக் கம்பியால் உடைத்துப் பார்த்தார். சோறு தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

இதோடு முடியவில்லை. “செப்டிக் டேங்கும் நிரம்பியிருக்கும். ஒரு ஆளை இறக்கிடலாம்” என்றார் ஒருவர். மாடிப்படி ஓரம் நின்ற அக்கா அந்தக் கூட்டத்தில் பேசியது அப்போதுதான். “ஆளை இறக்காதீங்க சார். வண்டியக் கூப்பிடுங்க.”

பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. சாக்கடையிலும் மலக்குழியிலும் இறந்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. தொகைதான் உயர்ந்தது, சாவு நிற்கவில்லை. இறங்கச் சொல்லப்படுபவர் எந்தச் சாதி என்று யாரும் கேட்பதில்லை, கேட்காமலே தெரியும். மேல் மாடியின் பிசுக்கு கீழ் வீட்டுக்கு வருவது மாதிரி, சமையலறையில் தொடங்கும் பழி அக்கா மேல் இறங்கி, கடைசியில் உயிராபத்தாக அந்த மனிதரிடம் போய்ச் சேர்கிறது. முதல் படியிலேயே அதை நிறுத்தாவிட்டால், அது கீழே போவதற்கு நாமும் வழிவிட்டவர்கள் ஆவோம்.

வண்டிதான் வந்தது. ஆண்டுக்கு ஒருமுறை பொதுக்குழாயைச் சுத்தம் செய்வது மெயின்டனன்ஸ் கணக்கில் சேர்ந்தது. எண்ணெய்ச் சட்டியைக் காகிதத்தால் துடைத்துவிட்டுக் கழுவும்படி எல்லா வீட்டுக்கும் சொன்னார்கள். லிஃப்டில் ஒட்டியிருந்த நோட்டீஸைச் சத்தமில்லாமல் கிழித்தார்கள். அக்காவிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

இப்போது மூன்றாம் மாடி வீட்டிலும் டிராப்பைக் கழற்றிக் கழுவுவது அக்காதான். அதற்கு 150 ரூபாய் தனியாக வாங்குகிறார். “பாத்திரம் தேய்க்கறதுக்குத்தானே மாசச் சம்பளம். இது வேற வேலை” என்று அவர்களிடமே சொன்னாராம்.