அல்சூரில் வீடு, குடியாத்தத்தில் ஓட்டு

வாக்காளர் பட்டியல் வழக்கு எடுக்கும் வக்கீலுக்குப் பெரிய ஃபீஸ் வராது. கட்சிக்காரருக்கும் நஷ்ட ஈடு கிடைக்காது. ஜெயித்தால் பட்டியலில் ஒரு வரி ஏறும், தோற்றால் ஒரு வரி போகும், அவ்வளவுதான். ஆனாலும் பெங்களூரில் நான் நடத்திய வழக்குகளில், ஜூனியர்களிடம் அடிக்கடி எடுத்துச் சொல்வது 2018-ல் வந்த இந்த ஒன்றைத்தான். வெளிநாட்டில் நிலையாக வாழ்பவருக்கு இங்கே ஓட்டு இருக்கலாமா என்ற கேள்வி அதற்குள் முழுசாக இருக்கிறது.

கட்சிக்காரர் பிறந்து வளர்ந்தது அல்சூர். தாத்தா காலத்தில் குடியாத்தத்திலிருந்து, பெரியவர்கள் இன்றும் தண்டு என்று சொல்லும் கன்டோன்மென்ட் பக்கம் பிழைக்க வந்த குடும்பம். இவர் 1996-ல் மஸ்கட் போனார். ஏர்கண்டிஷன் பராமரிப்பில் ஆரம்பித்து மேலாளர் வரை உயர்ந்தார். மனைவி, பிள்ளைகள் எல்லோரும் அங்கே. அல்சூர் வீட்டில் அம்மா மட்டும். ஆண்டுக்கு ஒரு மாதம் லீவு. லீவில் தேர்தல் வந்தால் ஓட்டுப் போடுவார், வராவிட்டால் இல்லை.

2018 மே 12 சட்டமன்றத் தேர்தலுக்கு முன், மார்ச்சில் போன் செய்தார். "சார், லிஸ்ட்ல என் பேரை எடுத்துட்டாங்க. நான் என்ன செத்தா போயிட்டேன்?"

நடந்தது இதுதான். ஒரு கட்சியின் பூத் ஏஜென்ட், இவர் இங்கே குடியில்லை என்று ஃபாரம் 7-ல் ஆட்சேபம் எழுதிக் கொடுத்திருந்தார். விசாரணைக்கு வரச் சொல்லி வீட்டுக்கு நோட்டீஸ் வந்தது. அது கன்னடத்தில் இருந்தது. அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்க வரும். கரண்ட் பில் வைக்கும் பையில் அதையும் பத்திரமாக வைத்துவிட்டார். குறித்த நாளில் யாரும் போகவில்லை, பெயர் நீக்கப்பட்டது.

வாக்காளர் பட்டியல் விஷயத்தில் சிவில் கோர்ட்டுக்குப் போக முடியாது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1950-ன் 30-வது பிரிவு அந்தக் கதவை அடைத்திருக்கிறது. 24-வது பிரிவின்படி மாவட்ட அளவில் மேல்முறையீடு, அதன் பின் மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம் இரண்டாம் மேல்முறையீடு. அதற்கும் நாள் கணக்கு உண்டு. வேட்பு மனுத் தாக்கலின் கடைசி நாளுக்குப் பிறகு அந்தத் தேர்தலுக்கான பட்டியலில் கை வைக்க முடியாது. அந்த ஆண்டு கர்நாடகத்தில் அது ஏப்ரல் 24.

மேல்முறையீட்டில் இரண்டு வாதங்கள் வைத்தேன். முதலாவது, உச்ச நீதிமன்றத்தின் 1995-ஆம் ஆண்டு லால் பாபு உசேன் தீர்ப்பு. டெல்லி, பம்பாய் குடிசைப் பகுதி மக்களைக் குடியுரிமைக்கு ஆதாரம் கொண்டு வா என்று கூண்டோடு கேட்ட வழக்கு அது. பட்டியலில் ஏற்கெனவே இருக்கும் பெயரை எடுப்பதற்கு முன் முறையான நோட்டீஸும் உண்மையான விசாரணையும் வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. படிக்கத் தெரியாத மொழியில் வயதான தாயிடம் கொடுத்த காகிதம் போதுமா என்று கேட்டேன். இரண்டாவது, 20-வது பிரிவு. தற்காலிகமாக வெளியே போனவர், அந்தக் காரணத்தாலேயே தன் ஊரில் குடியிருப்பவர் என்ற தகுதியை இழப்பதில்லை என்று அது சொல்கிறது. இவர் பிழைப்புக்குப் போனவர், வேலை முடிந்தால் திரும்பி வருபவர் என்றேன்.

பூத் ஏஜென்ட்டும் விசாரணைக்கு வந்தார். அவரும் அல்சூர் தமிழர்தான், இந்தக் குடும்பத்தைத் தெரிந்தவர். பகையில் செய்தார் என்று நினைத்துக் குறுக்கு விசாரணைக்குத் தயாராகப் போனேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "சார், அவரு நல்லவருதான். ஆனா இங்க காவேரித் தண்ணி வருதா வரலையான்னு அவருக்குத் தெரியாது. ஆள் இல்லாத பேரு லிஸ்ட்ல இருந்தா, சாயங்காலம் கூட்டம் கலையுற நேரத்துல அந்தப் பேருல எவனாவது வந்து நிப்பான். அதுக்குத்தான் எழுதிக் கொடுத்தேன்."

மறுக்க முடியாத பேச்சு. ஊரில் இல்லாதவர், வீடு மாறியவர், இறந்தவர் என்று ஒரு தனிப் பட்டியலே வாக்குச்சாவடி அதிகாரியிடம் இருக்கும். கள்ள ஓட்டு நுழையும் வழி அந்தப் பெயர்கள்தான்.

மேல்முறையீட்டு அதிகாரி என்னிடம் கேட்டது, பத்து வருடத்தில் இவர் தொடர்ந்து அதிகபட்சம் எத்தனை நாள் இங்கே தங்கினார் என்பது. பதில் பாஸ்போர்ட் முத்திரைகளில் இருந்தது. 22 வருடம் குடும்பத்தோடு வெளியே இருப்பதைத் தற்காலிகம் என்று சொல்ல முடியாது என்றார். வீடு இருக்கிறதே என்றேன். வீட்டுக்குச் சொந்தக்காரர் என்பதால் மட்டும் ஒருவர் அந்தத் தொகுதியில் குடியிருப்பவர் ஆகமாட்டார் என்று அதே 20-வது பிரிவின் முதல் வரி சொல்கிறது. நோட்டீஸில் குறை இருந்திருந்தாலும், இப்போது முழுசாகக் கேட்டுவிட்டதால் அது நேராகிவிட்டது என்று சொல்லி மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தார். கூடவே, வெளிநாடுவாழ் வாக்காளராக 20ஏ பிரிவின்படி இவர் விண்ணப்பிக்கத் தடையில்லை என்றும் ஆர்டரில் எழுதினார்.

ஆர்டரை அம்மாவுக்குப் படித்துச் சொன்னபோது, "வக்கீல் தம்பி, என் பிள்ளை இந்த வீட்டுக்காரன் இல்லைன்னா எழுதிட்டாங்க?" என்று கேட்டார். வீடு அவருடையதுதான் அம்மா, ஓட்டு மட்டும் வேறு கணக்கு என்றேன். இரண்டாம் மேல்முறையீடு வேண்டாம் என்று மகனுக்கும் சொன்னேன். இங்கேயே குடியிருப்பதாக எழுதிக் கொடுத்தால் அது பொய் உறுதிமொழி. 31-வது பிரிவில் ஓராண்டு வரை சிறை இருக்கிறது.

"அப்ப நான் இந்தியன்தானே சார், எனக்கு எங்க ஓட்டு?" என்றார். நியாயமான கேள்வி. அரசியல் சாசனத்தின் 326-வது பிரிவு, வயது வந்த ஒவ்வொரு குடிமகனுக்கும் ஓட்டு என்கிறது. அதே மூச்சில், குடியிருப்பின்மையைக் காரணம் காட்டிச் சட்டம் அந்த உரிமையை மறுக்கலாம் என்றும் இடம் வைக்கிறது. ஓட்டுரிமை அடிப்படை உரிமை இல்லை, சட்டம் கொடுக்கும் உரிமை என்று 1982-ல் ஜோதி பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆக, வெளிநாட்டில் இருப்பவரின் ஓட்டை முழுசாகவே மறுத்திருக்கலாம். நாடாளுமன்றம் அப்படிச் செய்யவில்லை. 2010-ல் திருத்தம் கொண்டு வந்து, 2011 பிப்ரவரி முதல் 20ஏ பிரிவை நடைமுறைப்படுத்தியது. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்காத எந்த இந்தியரும், வெளியே இருப்பது தற்காலிகமோ நிரந்தரமோ, ஃபாரம் 6ஏ கொடுத்துப் பதிவு செய்துகொள்ளலாம். எத்தனை வருடம் என்ற வரம்பு கிடையாது.

இரண்டு நிபந்தனைகள் மட்டும் உண்டு. பாஸ்போர்ட்டில் இருக்கும் இந்திய முகவரி எந்தத் தொகுதியில் வருகிறதோ அங்கேதான் பதிவு. ஓட்டுப் போட ஒரிஜினல் பாஸ்போர்ட்டோடு நேரில் வர வேண்டும்.

முதல் நிபந்தனையிலேயே இவருக்குச் சிக்கல். பாஸ்போர்ட் எடுத்த காலத்தில் அல்சூரில் வாடகை வீடு, கையில் ஆதாரம் இல்லை. பாட்டி வீட்டு முகவரியைக் கொடுத்து எடுத்தார். ஒவ்வொரு முறை புதுப்பித்தபோதும் அதுவே தொடர்ந்தது. முகவரி: குடியாத்தம், வேலூர் மாவட்டம். பிறந்து வளர்ந்து, வீடு வாங்கி, வரி கட்டுகிற பெங்களூரில் ஓட்டு இல்லை. கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும் போய்வந்த ஊரில் ஓட்டு. முகவரியை மாற்றிப் புது பாஸ்போர்ட் வாங்கலாம், ஆனால் ஏப்ரல் 24-க்குள் அது ஆகாது. கர்நாடகத் தேர்தல் போனது போகட்டும் என்று குடியாத்தத்தில் 6ஏ கொடுத்தார். பட்டியலின் கடைசிப் பகுதியில் பெயர் ஏறியது.

இரண்டாவது நிபந்தனையின் கனம் 2019-ல் தெரிந்தது. ஏப்ரல் 18 அன்று வேலூர் மக்களவைத் தேர்தல். குடியாத்தம் சட்டமன்ற இடைத்தேர்தலும் அதே நாளில். லீவு சொல்லி, டிக்கெட் எடுத்து பெங்களூர் வந்து இறங்கினார். ஏப்ரல் 16 இரவு, பெரும் தொகை பிடிபட்டதைக் காரணம் காட்டி வேலூர் மக்களவைத் தேர்தலைக் குடியரசுத் தலைவர் ரத்து செய்தார். ரயிலேறிக் குடியாத்தம் போனவர் இடைத்தேர்தலில் மட்டும் ஓட்டுப் போட்டுத் திரும்பினார். வேலூர் தேர்தல் ஆகஸ்ட் 5-ல் நடந்தபோது இன்னொரு லீவு கிடைக்கவில்லை. அந்தத் தேர்தலில் வெற்றி வித்தியாசம் 8,141 ஓட்டு.

நாடு முழுக்க இதே கதைதான். வெளியுறவு அமைச்சகக் கணக்கில் வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமக்கள் ஒரு கோடியே முப்பது லட்சத்துக்கு மேல். 2019-ல் வெளிநாடுவாழ் வாக்காளராகப் பதிந்தவர்கள் ஒரு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. நேரில் வந்து போட்டவர்கள் 25,606 பேர், அதில் 25,534 பேர் கேரளம். அங்கே தேர்தலை ஒட்டி வளைகுடாவிலிருந்து விமானத்தில் ஆள் திரட்டி வரும் பழக்கமே உண்டு. 2024-ல் பதிவு 1,19,374 ஆனது, போட்டவர்கள் 2,958 ஆகச் சுருங்கினார்கள். ஓட்டு இலவசம், விமான டிக்கெட் வாக்காளர் செலவு.

இதை எதிர்த்து நாகேந்தர் சிண்டம் 2013-லும், அபுதாபி மருத்துவர் ஷம்ஷீர் வயலில் 2014-லும் உச்ச நீதிமன்றம் போனார்கள். தேர்தல் ஆணையக் குழு மின்வழி அஞ்சல் வாக்கையும் பிரதிநிதி மூலம் வாக்களிப்பதையும் பரிந்துரைத்தது. அரசு பிரதிநிதி முறையைத் தேர்ந்தெடுத்து 2017-ல் மசோதா கொண்டு வந்தது. என் கட்சிக்காரர் தோற்ற அதே 2018-ல், ஆகஸ்ட் 9 அன்று மக்களவை அதை நிறைவேற்றியது. மாநிலங்களவையைத் தாண்டாமல் 2019-ல் அவை கலைந்ததோடு காலாவதியானது. உச்ச நீதிமன்றமும் 2022 நவம்பரில் மனுக்களை முடித்துவைத்தது.

அந்த மசோதா போனதில் எனக்கு வருத்தமில்லை. பிரதிநிதி ஓட்டு என்றால் மஸ்கட்காரரின் ஓட்டை அல்சூரில் வேறொருவர் போடுவார். யாருக்குப் போட்டார் என்று யாருக்குத் தெரியும்? ஆள் இல்லாத பெயரில் எவனாவது வந்து நிற்பான் என்று பூத் ஏஜென்ட் பயந்ததற்குச் சட்டமே அனுமதிச் சீட்டு கொடுத்தது போல ஆகும்.

மின்வழி அஞ்சல் வாக்கு வேறு. 2019-ல் 18 லட்சத்துக்கு மேற்பட்ட படைவீரர்களும் பிற அரசுப் பணி வாக்காளர்களும் அந்த முறையில்தான் பதிந்திருந்தார்கள். வாக்குச்சீட்டு இணையத்தில் போகிறது, குறித்த சீட்டு தபாலில் திரும்புகிறது. மஸ்கட் தூதரக ஊழியருக்கு முடிகிற காரியம், அதே தெருவில் இருக்கும் மெக்கானிக்குக்கு முடியாது என்பதற்கு எனக்கு நியாயம் தெரியவில்லை. முதலாளியிடம் பாஸ்போர்ட் மாட்டிக்கொண்ட கேம்ப் தொழிலாளியை மட்டும் மறந்துவிடக் கூடாது. முதலாளியின் கண்ணெதிரே குறிக்க நேராதபடி, சீட்டைத் தூதரகத்தில் நேரில் குறித்துக் கொடுக்க ஏற்பாடு வேண்டும்.

நிரந்தரமாகப் போனவருக்கு எதற்கு என்பவர்களுக்கு என் பதில் இது. பிரிட்டன் 15 வருட வரம்பு வைத்திருந்து 2024 ஜனவரியில் அதை எடுத்துவிட்டது. கனடாவின் ஐந்து வருட வரம்பை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2019-ல் ரத்து செய்தது. அந்த நாடுகளில் இரட்டைக் குடியுரிமை உண்டு. இங்கே கிடையாது. வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்த நிமிடம் இந்தியக் குடியுரிமை போகிறது, ஓட்டும் போகிறது. அப்படிப் போனவர்கள் வாங்கும் ஓ.சி.ஐ. அட்டைக்கு ஓட்டு இல்லை. ஆகவே இந்தியப் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருப்பதே போதுமான விசுவாசம். வளைகுடாவில் முப்பது வருடம் உழைத்தாலும் அங்கே குடிமகன் ஆவது மிக அரிது. இங்கேயும் பெயரை எடுத்தால் அவர் உலகத்தில் எங்குமே வாக்காளர் இல்லை.

ஆனால் பூத் ஏஜென்ட் சொன்ன காவேரித் தண்ணீரும் பொய்யில்லை. அதனால் என் கருத்து, வெளிநாடுவாழ் குடிமக்களுக்கு மக்களவை ஓட்டு தபாலில் கிடைக்கட்டும். பாஸ்போர்ட், தூதரகம், போர்க்காலத்தில் மீட்டு வருவது எல்லாம் டெல்லி முடிவு செய்பவை, அவை அவர்களைத் தொடுகின்றன. சட்டமன்றத்தையும் மாநகராட்சியையும் அந்த ஊரிலேயே வாழ்பவர்கள் தேர்ந்தெடுக்கட்டும். இன்றைய சட்டம் இந்தப் பிரிவினை செய்யவில்லை, செய்ய வேண்டும்.

அதுவரை, வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் குடும்பங்களுக்கு ஒரு வக்கீலாகச் சொல்வது இதுதான். பொதுப் பட்டியலில் பெயரைச் சும்மா விட்டுவைக்காதீர்கள், ஒரு ஆட்சேபம் போதும், அது போய்விடும். பாஸ்போர்ட்டில் எந்த ஊர் முகவரி இருக்கிறது என்று இன்றே எடுத்துப் பாருங்கள். அந்தத் தொகுதியில், தேர்தல் அறிவிப்புக்குக் காத்திராமல், ஃபாரம் 6ஏ கொடுங்கள். வீட்டுக்கு எந்த மொழியில் நோட்டீஸ் வந்தாலும், பில் பையில் வைப்பதற்கு முன் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டச் சொல்லுங்கள்.