கேஸ் எங்கே போச்சு என்று கேளுங்கள்

"ஏசில கேஸ் தீர்ந்துபோச்சு சார், ஃபில் பண்ணிடலாம்." பழைய கார் வைத்திருப்பவர்கள் கோடைதோறும் கேட்கும் வசனம் இது. பெட்ரோல் போல எரிந்து தீர்கிற பொருளா அது? ஏசி கேஸான ஆர்-134ஏ மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றிவருவது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்றுதான் அர்த்தம்.

என் பழைய ஆல்ட்டோ சிக்னலில் நின்றால் அனல் காற்று, பைபாஸில் ஏறினால் ஜில். ஓடும்போது நன்றாகக் குளிர்ந்தால் பெரும்பாலும் கேஸ் இருக்கிறது; நிற்கும்போது கண்டென்ஸருக்குக் காற்று போதவில்லை. பானட்டைத் திறந்து, இன்ஜினை ஓடவிட்டு ஏசியைப் போட்டேன். கம்ப்ரஸர் 'டக்'கென்று பிடித்தது, ஃபேன் அசையவில்லை. ரிலேயைப் பிடுங்கினால் ஒரு கால் கருகிக் கிடந்தது. புதிது போட்டதும் ஃபேன் ஓடியது. கண்டென்ஸர் இடுக்கில் அப்பியிருந்த புழுதியையும் செத்த பூச்சிகளையும், தகடு மடங்காமல் மெதுவாகத் தண்ணீர் விட்டுக் கழுவினேன்.

ஏசி போட்டால் முன்சீட்டுக் கால்மிதி நனைகிறதா? அது கேஸ் அல்ல; ஏசித் தண்ணீர் வெளியேறும் டிரெயின் டியூபில் அடைப்பா என்று முதலில் பாருங்கள்.

கசிவே இருந்தால் இடத்தைக் கண்ணால் காட்டச் சொல்லுங்கள். ஓ-ரிங்கோ ஹோஸோ மாற்றி, வேக்கம் போட்ட பிறகே கேஸ் ஏற்றவிடுங்கள். அதற்கு முன் காசு கொடுக்காதீர்கள்.