நாலாவது பாதை

வேலப்பன்சாவடியில் ரயில் கிடையாது. ஊர் வழியே போவது பூந்தமல்லி நெடுஞ்சாலை. ரயில் வேண்டுமென்றால் பஸ் பிடித்து ஆவடி போக வேண்டும். ஆனாலும் கடற்கரையில் ஒரு பாதை மூடப்பட்டால் அதன் விளைவு எங்கள் ஊர் வரை வந்து சேர்கிறது.

சென்னை கடற்கரைக்கும் எழும்பூருக்கும் இடையே மூன்று பாதைகள் இருந்தன. இரண்டு மின்வண்டிகளுக்கு, ஒன்று தொலைதூர வண்டிகளுக்கும் சரக்குக்கும். நாலாவது போட இடமில்லை. 1995இல் ஓடத் தொடங்கிய பறக்கும் ரயில் அங்கே தரையில்தான் போகிறது. 2023 ஆகஸ்ட் 27 முதல் அதைக் கடற்கரைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் இடையே நிறுத்தினார்கள். ஆவடிப் பக்கமிருந்து நேரே வேளச்சேரி போய்க்கொண்டிருந்த சில வண்டிகள் கடற்கரையோடு நின்றுவிட்டன. மயிலாப்பூரில் வேலையுள்ள நான் சென்ட்ரலில் இறங்கிச் சிந்தாதிரிப்பேட்டை வரை நடந்தேன். தினமும் அதே முகங்கள் கூட நடந்தன. யாரும் யாரோடும் பேசிக்கொள்ளவில்லை.

ஏழு மாதம் என்றது பதினாலு மாதமாயிற்று. 2024 அக்டோபர் 29இல் வண்டி திரும்ப ஓடியது.

நாலாவது பாதை வேண்டாமென்று நான் சொல்லமாட்டேன். ஒற்றைப் பாதையில் தொலைதூர வண்டியும் சரக்கு வண்டியும் ஒன்றுக்காக ஒன்று காத்துக் கிடப்பதில் யாருக்கும் லாபமில்லை. என்னை உறுத்துவது வேறு. திட்டச் செலவில் கோடிகள் எழுதப்படுகின்றன. நடந்தவர்களின் நேரம் எங்கும் எழுதப்படுவதில்லை. 'தற்காலிகம்' என்ற ஒரு வார்த்தையில் அது அடங்கிவிடுகிறது. தூரம் போகிறவனுக்கான பாதைக்குக் கிட்டத்தில் போகிறவன் நேரம் கொடுத்திருக்கிறான். அந்த நாலாவது பாதையில் எங்கள் ஆவடி வண்டி போகாது.