சொற்களுக்கு ஒரு வாடகை வீடு

தாராவித் தமிழில் வழங்கும் மராத்தி, இந்திக் கடன்சொற்களைத் திரட்டி, எவரும் தேடிப் பார்க்கத்தக்க ஒரு சிறு இணையச் செயலியாக அமைத்திருந்ததை இங்குள்ள நண்பர்கள் அறிவீர்கள். அதற்குச் சொற்கள் பல தந்த ஆச்சி ஒருவரிடம் அதைக் காட்டுவதற்காகத் தொண்ணூறடிச் சாலையை ஒட்டிய அவரது கோலிக்குச் சென்றேன். ஓரறை வீட்டுக்கு இங்கு வழங்கும் பெயர் அது. பேரனின் கைப்பேசியில் முகவரியைத் தட்டியதும் ‘இக்கணக்கு நிறுத்தப்பட்டுள்ளது’ என்னும் அறிவிப்பே வந்தது. “அப்ப நான் சொன்னதெல்லாம் போச்சா?” என்று கேட்டார் ஆச்சி.

முதலாண்டுக்கு மிகக் குறைந்த கட்டணம் காட்டிய ஒரு ஹோஸ்டிங் நிறுவனத்தில் இடம் எடுத்திருந்தேன். புதுப்பிக்கும்போது கட்டணம் மும்மடங்காயிற்று. உதவித்தொகை தாமதமான மாதத்தில் தவணை தவறியது. தரவின் படியொன்று மடிக்கணினியில் இருந்ததால் மட்டுமே சொற்கள் பிழைத்தன.

மும்பையில் பதினொரு மாத ஒப்பந்தத்தில் குடியிருப்போர் எவரும் முதல் மாத வாடகையை மட்டும் கேட்டு வீடு பிடிப்பதில்லை. டெபாசிட் எவ்வளவு, ஒப்பந்தம் முடிந்தால் எவ்வளவு கூட்டுவார்கள், காலி செய்ய எத்தனை நாள் தருவார்கள் என்றெல்லாம் விசாரிப்போம். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் அறை தேடியபோது நான் கேட்ட கேள்விகளில் ஒன்றைக்கூட அந்நிறுவனத்திடம் கேட்கவில்லை.

அதனினும் பெரிய பிழை, எனக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று கணக்கிடாதது. யூனிகோடின் யுடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீடு 3 பைட் கொள்ளும். ‘கோலி’ என்னும் ஈரெழுத்துச் சொல்லில் மெய்யுரு இரண்டு, உயிர்க்குறி இரண்டு. ஆக 12 பைட். என்னிடம் இருந்தவை 2,300 பதிவுகள். பதிவொன்றுக்கு ஏறத்தாழ 200 குறியீடுகள். மொத்தமும் ஒன்றரை மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். கைப்பேசியில் எடுக்கும் ஒரு நிழற்படமே இதைவிடப் பெரிது! இதற்காக இரவு பகலாக ஓடும் தரவுத்தளமும் சர்வரும் எதற்கு? முழுப் பட்டியலையும் வாசகரின் உலாவிக்கே அனுப்பிவிட்டால், தேடல் அங்கேயே நடந்துவிடும். புதுச்சொற்களை வாசகர் அனுப்புவதற்கு ஓர் இணையப் படிவம் போதும். எப்படியும் நான் சரிபார்த்த பின்னரே அவை பட்டியலில் ஏறும்.

இவ்வாறு மாற்றியமைத்ததை இப்போது கிட்ஹப் பேஜஸில் வைத்திருக்கிறேன். பொதுவில் திறந்து வைக்கும் திட்டங்களுக்கு அங்கு கட்டணமில்லை. தளம் 1 ஜிபிக்குள் இருக்க வேண்டும் என்பது வரம்பு. அதனால்தான் பேசியவர்களின் குரற்பதிவுகளை அங்கு ஏற்றவில்லை. பொதுவில் வைக்க அவர்கள் இசைவு தந்ததும் சொற்களுக்கு மட்டுமே.

இலவசம் நிலைக்கும் என்று நம்பவும் இயலாது. தமிழின் தொடக்ககாலத் தனிப்பக்கங்கள் பல குடியிருந்த ஜியோசிட்டிஸை யாஹூ 2009 அக்டோபரில் மூடியது. மாணவர்கள் பலர் சிறு செயலிகளை ஓட்டிவந்த ஹெரோக்குவின் இலவசத் திட்டம் 2022 நவம்பரில் நின்றது. ஆகவே இரண்டை மட்டும் என் கையில் வைத்துக்கொண்டேன். ஒன்று, தளப்பெயர், ஆண்டுதோறும் நான் செலுத்துவது அதற்கு மட்டுமே. வீடு மாறினாலும் முகவரி மாறாது. மற்றொன்று, எந்த நிரலியும் திறக்கக்கூடிய எளிய உரைக்கோப்பாக முழுப் பட்டியல். அதன் படிகள் மூன்று இடங்களில் இருக்கின்றன.

ஆய்வுக்காகச் செயலி அமைக்கும் நண்பர்கள் விலைப்பட்டியலைத் திறக்கும் முன் தம் தரவை ஒருமுறை அளந்து பார்க்க வேண்டுகிறேன். பிறர் நம்மை நம்பித் தந்தவற்றை ஒரு தவணைத் தேதியில் தொங்கவிடுவது முறையன்று.

சென்ற வாரம் மீண்டும் ஆச்சியிடம் சென்றேன். பேரன் ஒவ்வொரு சொல்லாகப் படித்துக் காட்டினான். கேட்டுக்கொண்டிருந்தவர், ஒரு சொல்லுக்கு நான் எழுதியிருந்த பொருள் தவறு என்றார். அன்றிரவே திருத்திவிட்டேன்.