கணக்குக் கொப்பியில் ஒரு பெயர்

வலப்பனை பஸாரில் வாப்பாவுக்கு ஒரு பலசரக்குக் கடை இருக்கிறது. கடைக்குப் பின்னால் எங்கள் வீடு. 2021ஆம் ஆண்டு கொரோனாவால் பாடசாலைகள் மூடிக் கிடந்தபோது, சூம் வகுப்புக்கென்று எனக்கு ஒரு ஃபோன் வாங்கித் தந்தார்கள். வீட்டுக்குள் சிக்னல் வராது. மாடிக்குப் போகும் கடைசிப் படியில், தண்ணீர்த் தாங்கியை ஒட்டி உட்கார்ந்தால் இரண்டு கோடு வரும். பெரிய மழை பெய்தால் அதுவும் போய்விடும்.

அந்தப் படியில் உட்கார்ந்து நான் கணிதம் படிக்கிறேன் என்றுதான் வீட்டில் நினைத்திருந்தார்கள். பாதி நேரம் படித்தேன். மீதி நேரம் தாய்லாந்து நாடகம் பார்த்தேன்.

இதைக் கல்லூரி மலருக்கு எழுதலாமா என்று உம்மாவிடம் கேட்டேன். "எழுதினா உள்ளத எழுதுங்க மகள், கூட்டியும் குறைச்சும் எழுத வேணாம்" என்றார். அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. இந்தக் கதையில் அவருக்கும் பங்குண்டு.

நாடகம் என்றால் எல்லாரும் பார்க்கும் கொரிய நாடகம் இல்லை. இரண்டு இளைஞர்களுக்கிடையே ஏற்படும் காதலைச் சொல்லும் நாடகம். எங்கள் விடுதியில் இதை வாசிக்கும் சிலர் இப்போது தலையைக் குனிந்துகொள்வார்கள் என்று தெரியும். பெற்றோருக்காகக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். தாய்லாந்தில் இவற்றை 'வை' தொடர்கள் என்கிறார்கள். ஜப்பானியச் சொல் ஒன்றின் முதலெழுத்து அது. ஜப்பானில் பெண்கள் பெண்களுக்காக வரைந்த படக்கதைகளில் இந்த வகை வளர்ந்தது. தாய்லாந்துத் தொடர்களில் பலவும் இளம் பெண்கள் இணையத்தில் எழுதிய நாவல்களிலிருந்து வந்தவை. 2014இல் 'லவ் சிக்', 2016இல் 'சோட்டஸ்' என்று தொடங்கி, 2020இல் உலகமே வீட்டுக்குள் அடைந்திருந்தபோது '2கெதர்' என்ற தொடர் நாடு நாடாகப் பரவியது. ஒவ்வொரு பகுதியையும் நான்கு துண்டாக வெட்டி, ஆங்கில எழுத்தோடு யூடியூபில் இலவசமாகப் போட்டுவிடுவார்கள். டேட்டா கார்டு போட்டுப் பார்க்கிறவர்களுக்கு ஒரு துண்டு முடிந்ததும் நிறுத்திக்கொள்ள வசதி. இடையிடையே கதாநாயகன் திடீரென்று ஒரு முகப்பூச்சையோ நொறுக்குத் தீனியையோ எடுத்து அதன் பெருமையைச் சொல்லத் தொடங்குவான். அந்த இடம் வந்தால் எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது.

ஏன் பார்த்தேன் என்று என்னையே பலமுறை கேட்டிருக்கிறேன். புதினம் பார்க்கும் ஆசை இருந்தது, அதை மறைக்கவில்லை. ஆனால் வேறொன்றும் இருந்தது. நாங்கள் பார்த்து வளர்ந்த படங்களில் நாயகன் ஒரு பெண்ணின் பின்னால் பஸ் தரிப்பு வரை வருவான், வேண்டாம் என்றாலும் விடமாட்டான், கடைசியில் அவளே சம்மதித்துவிடுவாள். ரியூசன் முடிந்து பஸாருக்குள்ளால் நடந்து வரும் பிள்ளைக்கு அது வெறும் படமில்லை. அந்தக் கதைகளைப் பார்க்கும்போதெல்லாம் நான் அந்தப் பெண்ணின் இடத்தில்தான் நின்றேன். தாய்லாந்துத் தொடரில் எனக்கென்று ஓர் இடமே இல்லை. யாரும் என்னைப் பின்தொடரவில்லை. ஓர் ஓரத்தில் இருந்து, ஒரு மனிதன் இன்னொரு மனிதனிடம் எப்படிக் கதைக்கிறான், எங்கே வாயை மூடிக்கொள்கிறான் என்று பயமில்லாமல் பார்க்க முடிந்தது. எல்லாத் தொடரும் அப்படியில்லை. 'சோட்டஸ்' முழுக்கப் பல்கலைக்கழகத்தில் மூத்த மாணவர் புதியவர்களை வருத்துவதைப் பற்றியது. அதில் பாதியை எனக்குப் பார்க்கவே முடியவில்லை. நம் நாட்டில் அதைத் தடுக்க 1998இலேயே சட்டம் வந்துவிட்டது. நாம் அதற்குப் பகிடிவதை என்று பெயர் வைத்திருக்கிறோம். பகிடியும் வதையும் ஒரே சொல்லாக ஒட்டிக் கிடப்பதை அப்போதுதான் கவனித்தேன்.

உம்மா என்னைப் பிடித்தது 'ஆயிரம் நட்சத்திரங்களின் கதை' பார்த்துக்கொண்டிருந்தபோது. அது 2021 தொடக்கத்தில் வந்த பத்துப் பகுதித் தொடர். பாங்கொக்கில் பெரிய வீட்டுப் பிள்ளை ஒருவன், பெயர் தியன். அவனுக்கு இதய நோய். விபத்தில் இறந்துபோன ஒரு பெண்ணின் இதயத்தை அவனுக்கு வைக்கிறார்கள். அந்தப் பெண் தோஃபன், மலைக்கிராமத்தில் தொண்டர் ஆசிரியை. தோஃபன் என்றால் கனவை நெய்தல் என்று பொருளாம். அவளுடைய நாட்குறிப்பு அவன் கைக்கு வருகிறது. யாருக்கும் சொல்லாமல் அந்தக் கிராமத்துக்குப் போய், அவள் விட்ட வகுப்பை எடுக்கிறான். அங்கே காட்டிலாகா அதிகாரியாக இருப்பவன் பூபா. பூபா என்றால் மலை.

அந்த மலையில் விளைவது தேயிலை.

உம்மா துணி காயப்போட வந்தவர் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். நான் ஃபோனைக் கவிழ்க்க முன்னமே, "இதென்ன மகள், இவங்களும் கொழுந்தா எடுக்கிறாங்க? எங்க இது, ராகலைப் பக்கமா?" என்று கேட்டார். தாய்லாந்து என்றேன். "அங்கயும் தேயிலை இருக்கா?" என்று துணி வாளியை வைத்துவிட்டு மேல்படியில் உட்கார்ந்துவிட்டார்.

கொழுந்தை வாங்க வரும் ஆள் கிராமத்தாரைக் கணக்கில் ஏமாற்றுகிறான். கணக்குத் தெரிந்த வாத்தியாருக்கு அது விளங்கிவிடுகிறது. அதைத் தட்டிக் கேட்டதால் அவனுக்கு ஆபத்து வருகிறது. உம்மா அந்தக் கட்டத்தை மூச்சு விடாமல் பார்த்தார். அந்த மார்ச் மாதம்தான் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்திருந்தது. ஆனால் கடைக்கு வரும் அக்காமார் சொன்ன கதை வேறு. முழுப் பேர் விழ முன்னையைவிடக் கூடுதலான கிலோ கேட்கிறார்கள், சாக்குக்கென்று கழிக்கிறார்கள், தண்ணிக்கென்று கழிக்கிறார்கள் என்பார்கள். எங்கள் கடைக் கொப்பியில் 10ஆந் திகதிச் சம்பளத்தை நம்பி எழுதும் கடன் அந்தக் கழிவுக்கு ஏற்ப நீளும். "நிறுவையில களவு செய்றவன் விளங்கவே மாட்டான்" என்றார் உம்மா. அளவையிலும் நிறுவையிலும் மோசம் செய்வோருக்காகக் குர்ஆனில் ஒரு சூராவே இருக்கிறது. வாப்பா காலையில் கடை திறந்ததும் முதலில் தராசைத்தான் துடைப்பார்.

இரண்டு நாள் உம்மாவும் சேர்ந்து பார்த்தார். எனக்கு உள்ளூர நடுக்கம். மூன்றாம் நாள் கேட்டார்: "இந்த ஒஃபிசர் பொடியன் ஏன் இவன இப்பிடிப் பாக்கிறான்?"

பொய் சொல்லியிருக்கலாம். கூட்டாளி என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். சொல்ல வரவில்லை. உள்ளதைச் சொன்னேன்.

உம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, மார்க்கத்தில் இதற்கு அனுமதி இல்லை என்று தெரியும்தானே என்றார். தெரியும் என்றேன். நான் வாதாடவில்லை; வாதாட எனக்கு அறிவும் இல்லை. ஃபோனைப் பறித்துக்கொண்டு எழும்பிவிடுவார் என்று காத்திருந்தேன். அவர் திரையில் அசையாமல் நின்ற தியனுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கட கடையில நிண்ட பொடியன்ட சாயல் இவனுக்கு" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்துவிட்டது.

அவர் மேலே ஒரு தோட்டத்து லயத்திலிருந்து வந்தவர். பெயரை இங்கே எழுதவில்லை. எங்கள் கடையில் இரண்டு வருடம் நின்றார். நான் அவரை அண்ணன் என்று கூப்பிடுவேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார். குரல் மெல்லியது. நடக்கும்போது கையை ஒரு மாதிரி மடித்து வைத்துக்கொள்வார். சீனி சுற்றும் கடதாசியைக்கூட மடிப்புக் கலையாமல் மடிப்பார். அவர் யாரை விரும்பினார், யாரையாவது விரும்பினாரா என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது, யாரும் கேட்டதுமில்லை. ஆனால் லொறியில் சாமான் இறக்க வருகிறவர்கள் அவரை அக்கா என்று கூப்பிட்டார்கள். "அக்கா, பருப்பு அரைக் கிலோ நிறுங்க" என்பார்கள். கடையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். வாப்பா இருந்தால் அதட்டுவார். வாப்பா தொழுகைக்குப் போகும் நேரம் பார்த்துத்தான் பெரும்பாலும் நடக்கும்.

2019இல் எனக்குப் பன்னிரண்டு வயது. மனனப் போட்டிக்காக சூரத்துல் ஹுஜுராத் பாடமாக்கிக்கொண்டிருந்தேன். பொருளையும் எழுதிப் படிக்கச் சொல்லியிருந்தார்கள். கொப்பி ஒன்று வேண்டியிருந்தது. கடை நிறைய ஆட்கள். "அக்கா, எனக்கு எண்பது பக்கக் கொப்பி ஒண்டு எடுத்துத் தாங்க" என்றேன்.

அவ்வளவு பெரிய சிரிப்பை அந்தக் கடையில் நான் கேட்டதில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. பெரியவர்கள் எல்லாரும் என் பகிடிக்குச் சிரிக்கிறார்கள். அவர் கொப்பியை எடுத்து, உறையில் இருந்த தூசியைச் சேட்டில் துடைத்து, என் கையில் தந்தார். இந்த முறை அவர் சிரிக்கவில்லை. அந்தக் கொப்பியில்தான் ஒரு கூட்டத்தார் இன்னொரு கூட்டத்தாரைப் பரிகசிக்கக் கூடாது, பட்டப்பெயர் வைத்து அழைக்கக் கூடாது என்ற வசனத்தின் பொருளை அழகான எழுத்தில் எழுதினேன். போட்டியில் எனக்கு இரண்டாம் இடம் கிடைத்தது.

அந்த மாதம் முடிய முன்னர் ஒரு காலை அவர் வேலைக்கு வரவில்லை. கொழும்புக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். எந்தக் கடை, எந்தத் தெரு என்று அவர் வீட்டாருக்கும் சரியாகத் தெரியவில்லை. பிறகு அவர்களும் மகள் வீட்டோடு வேறு தோட்டத்துக்குப் போய்விட்டார்கள்.

நான் சொன்ன ஒரு சொல்லால்தான் போனார் என்று சொல்லமாட்டேன். அப்படிச் சொன்னால் அதுவும் என்னைப் பெரிதாக்குவதாகிவிடும். இரண்டு வருடம் அத்தனை பேர் சொன்னதில் என்னுடையது ஒன்று. ஆனால் தங்கச்சி என்று கூப்பிட்டவள் சொன்னது அது ஒன்றுதான்.

இதை உம்மாவிடம் அந்தப் படியில் வைத்துத்தான் முதன்முதலாகச் சொன்னேன். நாடகம் எனக்கு எதையும் போதிக்கவில்லை. அதில் வரும் பூபா மனதில் உள்ளதைச் சொல்லத் தெரியாதவன். குளிர் தாங்காத வாத்தியாருக்குப் போர்வை கொண்டு வந்து வைப்பதும், தூர நின்று பார்ப்பதும்தான் அவன் பேச்சு. கிராமத்தில் யாரும் அவர்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அது உண்மையான தாய்லாந்து இல்லை என்று அந்நாட்டவர்களே சொல்கிறார்கள். நாடகத்தில் இவ்வளவு நடந்தும், அங்கே இப்படிப்பட்ட திருமணத்துக்குச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2025 ஜனவரியில்தான். ஆனாலும் யாருமே சிரிக்காத ஒரு மலையைப் பத்துப் பகுதி பார்த்த பிறகு, எங்கள் கடைச் சிரிப்பு எனக்குத் தனியாகக் கேட்கத் தொடங்கியது. (கடைசிப் பகுதியில் ஓர் இடத்தில் நான் ஃபோனைக் கவிழ்த்து வைத்தேன் என்பதையும் உம்மாவுக்காக எழுதிவிடுகிறேன்.)

உம்மா எனக்கு ஏசவில்லை. "அது கூடாதெண்டா இதுவும் கூடாதுதான்" என்று மட்டும் சொல்லி, வாளியை எடுத்துக்கொண்டு துணி காயப்போடப் போனார். இரவு வாப்பாவிடம் சொல்லியிருக்க வேண்டும். அடுத்த நாள் வாப்பா என்னைக் கடைக்குக் கூப்பிட்டு, கணக்குக் கொப்பியின் முதல் பக்கத்தைத் திறந்து காட்டினார். கடன்காரர் பெயர்களுக்கெல்லாம் மேலே அவருடைய பெயர். 11 நாள் சம்பளம், 8,800 ரூபாய். வாங்காமல் போன காசு.

"இது அமானிதம். வந்தா கொடுக்கணும்" என்றார் வாப்பா. ஒவ்வொரு ஜனவரியும் புதுக் கொப்பி போடும்போது முதலில் இந்த வரியைத்தான் எழுதுகிறாராம். எனக்குத் தெரிந்தே இருக்கவில்லை.

2022இல் சாமான் விலையெல்லாம் தலைக்கு மேல் ஏறியது. அரிசிக்கும் மாவுக்கும் கடை வாசலில் ஆட்கள் நின்ற காலம். ஒரு நாள் வாப்பா அந்த 8,800 ரூபாயை வெட்டிவிட்டு, பக்கத்தில் '88 கிலோ அரிசி' என்று எழுதினார். ஏன் என்று கேட்டேன். அவர் வேலை செய்த காலத்தில் கிலோ நூறு ரூபாய்க்கு விற்ற அரிசி, இன்றைக்கு அதே காசைக் கொடுத்தால் அவருக்குக் குறைத்து நிறுத்ததாகிவிடும் என்றார்.

வாப்பாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. இந்த ஜனவரி விடுமுறையில் புதுக் கொப்பிக்கு நான்தான் பெயர்களை மாற்றி எழுதினேன். முதல் வரியில் அவருடைய முழுப் பெயரையும், 88 கிலோவையும் எழுதிவிட்டுக் கொப்பியை வாப்பாவிடம் நீட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார்.

"இன்னுங் கொஞ்சம் பெரிசா எழுதுங்க மகள்" என்றார். "வந்தா அவர் வாசிக்க வேணுமே."