25 வருஷமும் 3 வருஷமும்

பேத்தமங்களான்னா இங்க டொராண்டோவுல யாருக்கும் தெரியாது. கோலார் தங்கவயல்னு சொன்னா, "ஓ, கேஜிஎஃப்பா!"ம்பாங்க. தங்கவயலுக்குக் குடிதண்ணி கொடுத்த ஏரி எங்க ஊர்து. 2001-ல சுரங்கத்தை மூடினாங்க. சனங்க வேலைக்குப் பெங்களூருக்கு ரயிலேறினாங்க, என்னை மாதிரி சிலர் ப்ளேன் ஏறிட்டோம்.

அதனாலயோ என்னவோ, ஏர்போர்ட் சேதின்னா விடாம படிப்பேன். பெங்களூர்ல 2008 மே மாசம் தேவனஹள்ளி நிலையம் திறந்ததும், பழைய எச்.ஏ.எல். நிலையத்துல வழக்கமான பயணிகள் விமானம் நின்னுச்சு. எல்லாம் 2004-ல போட்ட ஒப்பந்தப்படி. அதுலயே இன்னொரு ஷரத்து: 25 வருஷத்துக்கு, 150 கி.மீ. வட்டத்துக்குள்ள, மைசூர், ஹாசன் தவிர வேற பன்னாட்டு நிலையம் வரக்கூடாது. கெடு 2033-ல முடியும். ஓசூர் அந்த வட்டத்துக்குள்ளதான். அங்க 2,000 ஏக்கர்ல, வருஷத்துக்கு 3 கோடி பயணிகளுக்கு நிலையம் வரும்னு 2024 ஜூன்ல தமிழக அரசு அறிவிச்சுது. ஷரத்தோ இன்னும் குறுக்க நிக்குது.

ஓசூர் வந்தா எங்க ஊருக்குத் தூரம் ஒண்ணும் பெருசா குறையாது. ஆனா ஒரே சுரங்கத்தை நம்பியிருந்த ஊர்ல பொறந்தவனுக்கு, ஒரே வாசல்னாலே கொஞ்சம் பயம்.

சரி, சின்ன ஊர் கதைக்கு வருவோம். 1994-லயே, லாபமான பெரிய வழித்தடத்துல பறக்கறவங்க வடகிழக்கு, காஷ்மீர், அந்தமான் பக்கமும் இவ்வளவு ஓட்டணும்னு அரசு விதி போட்டுது. 2016-ல 'உடான்' திட்டம். ஏலத்துல ஜெயிச்ச கம்பெனிக்கு அந்த வழித்தடம் மூணு வருஷம் தனியுரிமை. பாதி சீட்டுக்குக் கட்டண உச்சவரம்பு, நஷ்டத்துக்கு மானியம்.

சேலத்துல 2018 மார்ச்ல அப்படித்தான் சென்னை விமானம் வந்துச்சு. கூட வேலை பார்க்கிற சேலத்து நண்பரோட அம்மாவுக்கு முழங்கால் வலி. சேலத்துலயே ஏறி, சென்னையில மாறி, இங்க வந்து சேர்ந்தாங்க. 2021-ல அந்தச் சேவை நின்னுச்சு. மறுபடி விமானம் வந்தது 2023 அக்டோபர்ல. நடுவுல அந்தம்மா வரவேயில்ல. சென்னை வரைக்கும் கார்ல உட்கார முடியாதுன்னுட்டாங்க.

முதல் போட்டவனுக்குப் பாதுகாப்பு வேணும், ஒத்துக்கறேன். அது இல்லாம யாரும் கோடிக்கணக்குல பணத்தைக் கொட்ட மாட்டாங்க. ஆனா பாருங்க, கூட்டம் அலைமோதற பெருநகருக்கு 25 வருஷம். இப்பதான் விமானம் ஏறப் பழகற ஊருக்கு 3 வருஷம். இந்தக் கணக்குதான் எனக்கு இடிக்குது. உங்களுக்கு?